மக்காச்சோள விஸ்கியும் சம்பந்தம் பேச வந்தவர்களும்

போத்தனூர்
2.3.1997

அன்பு மகள் ஹாரிகாவுக்கு நைனா ஆசீர்வதித்து எழுதுவது. காரமடை ரங்கநாதர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே நன்றாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் போவதும் வருவதுமாக இருக்கிறது. கெண்டக்கியில் இன்னும் பனி விழுகிறது என்றாயே, நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுதல். போனில் ஆரம்பித்தால் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் நடந்ததை நடந்தபடி உட்கார்ந்து எழுதுகிறேன்.

லீவில் வந்த உன் தோழியிடம் நீ கொடுத்தனுப்பிய போர்பன் விஸ்கி பாட்டில் பத்திரமாக வந்து சேர்ந்தது. நரசிம்மலு மாமா மில்லிலிருந்து ரிட்டையர் ஆனபிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் வந்துவிடுகிறார், எங்கள் இருவருக்கும் சீட்டாட்டம் போய் இப்போது இதுதான் பொழுதுபோக்கு. நீ சொன்னபடி எவர்சில்வர் தம்ளரை ஒதுக்கிவிட்டு வாய் குறுகின கண்ணாடித் தம்ளர் வாங்கினேன். ஒன்றில் ஸ்காட்ச், ஒன்றில் உன் போர்பன், ஒன்றில் நம் ஊர் விஸ்கி என்று கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சோடா ஐஸ் எதுவும் போடாமல், முதலில் மோந்து பார்த்து, பிறகு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி மோந்தோம். தண்ணீர் பட்டதும் வாசம் இப்படி விரியும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது கண்ணு. அந்த ஸ்காட்ச் ஈர விறகை ஊதி ஊதி எரித்த அடுப்பு மாதிரி புகைந்தது, கடைசியில் கொஞ்சம் டிஞ்சர் நெடி. நம் ஊர்ச் சரக்கு தொண்டையில் மட்டும்தான் பேசியது. உன்னுடையது தேனும் வறுத்த தேங்காயுமாக ஆரம்பித்து, விழுங்கின பிறகு பட்டை கிராம்பு போட்ட மாதிரி நாக்கில் நின்றது. மக்காச்சோளத்தில் இப்படி ஒன்று வருமா என்று மாமா கேட்டார். சோளம் மட்டும் இல்லை, உள்பக்கம் கரியாகும்படி சுட்ட புதுப் பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடப்பதால் வருவது என்று நீ சொல்லிக்கொடுத்ததையெல்லாம் நான் என்னவோ கண்டுபிடித்தவன் மாதிரி சொன்னேன்.

அந்த நேரத்தில்தான் வாசலில் கார் வந்து நின்றது. கருமத்தம்பட்டியில் தறி வைத்திருக்கும் வேங்கடசாமி, பையன் வம்சி சிகாகோவில் கம்ப்யூட்டர் வேலை என்று போன மாதம் சொன்னேனே, அவரும் அவர் சம்சாரம் பங்காரம்மாவும். மறுநாள் சம்பந்தம் பேச வருவதாகச் சொன்னவர்கள், நாள் நன்றாக இருக்கிறது என்று அன்றைக்கே கிளம்பி வந்துவிட்டார்கள். அம்மா பதறிப்போய் பாட்டில்களை அள்ளி அரிசிப் பானைக்குள் வைக்கப் போனாள், நான் விடவில்லை. வேங்கடசாமி உள்ளே வந்து பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. எதில் எது என்று சொல்லாமல் ஸ்காட்சும் உன்னுடையதுமாக இரண்டு தம்ளரை நீட்டினேன். இரண்டையும் ருசி பார்த்துவிட்டு உன்னுடையதைத் தூக்கிப் பிடித்து, “இதானுங்க அசல் ஸ்காட்ச், நாஞ் சாப்புடாத ஸ்காட்சாங்க?” என்றார். நரசிம்மலு மாமா சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

பங்காரம்மா அப்போதுதான் கேட்டார், பொண்ணுக்கு அங்கே என்ன வேலை, தரகர் ஏதோ சாப்பாட்டுச் சாமான் சோதிக்கிற வேலை என்றாரே என்று. தரகர் அப்படிச் சொல்லி வைத்திருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும். எனக்கு மறைக்கத் தோன்றவில்லை. எங்கள் பெண் விஸ்கித் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள், எந்தப் பீப்பாய் பக்குவமாகிவிட்டது, எதோடு எதைச் சேர்க்கலாம் என்று மோந்தும் ருசித்தும் அவள் சொன்னால்தான் பாட்டிலில் அடைப்பார்கள், உங்கள் கையில் இருப்பதே அவள் பொறுக்கின பீப்பாயில் வந்ததுதான் என்றேன். தம்ளரைக் கீழே வைக்காமலே வேங்கடசாமி சொன்னார், “ஆம்பளைங்க சாயங்காலம் ஒரு வாய் சாப்புடறது வேறைங்க. பொம்பளப்புள்ள அதையே தொழிலாப் பண்றதுன்னா நாலு பேர் கேப்பாங்க. கல்யாணத்துக்கு முந்தி அந்த வேலைய உட்டுப்போடச் சொல்லிப்போடுங்க, மத்தபடி எங்களுக்குச் சம்மதமுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து அம்மா வந்துவிட்டாள். உன் அம்மா வெங்கடம்மாள் வந்தவர்கள் முன்னால் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசி நீ பார்த்திருக்கிறாயா? முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, “எம்புள்ள குடிக்கறதில்லீங்க, வாயில வெச்சுப் பாத்துட்டுத் துப்பிப்போடறா. அத்தனை வெள்ளைக்காரங்க மத்தியில இவ நல்லா இருக்குதுன்னா நல்லா இருக்குது, இல்லைன்னா இல்லைங்க. அதைய உட்டுப்போட்டுத்தான் கல்யாணம்னா எங்களுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாமுங்க. காப்பி கலந்திருக்கறேன், சாப்புட்டுப்போட்டுப் போங்க” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை கண்ணு. அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அன்றைக்கு எனக்கு உன்னை நினைத்துப் பெருமைப்படுவதா இவளை நினைத்துப் பெருமைப்படுவதா என்று தெரியவில்லை.

முறிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் அந்த வாரமே வம்சி சிகாகோவிலிருந்து எனக்குப் போன் செய்தான். அப்பா பேசியது தனக்குத் தெரியாது, அப்படி ஒரு நிபந்தனை தனக்கு இல்லவே இல்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டான், உன்னோடு ஒருமுறை பேசலாமா, நம்பர் கொடுப்பீர்களா என்றும் கேட்டான். பையன் பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது. ஆனாலும் என் மகளைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன் தம்பி என்று சொல்லிவிட்டேன். நீ சரி என்றால் கொடுக்கிறேன், வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடலாம், எங்களுக்காக யோசிக்காதே.

ஒன்று சொல்ல வேண்டும். உன் வேலை பற்றி இதுவரை யார் கேட்டாலும் அம்மா கம்பெனி என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவாள், உனக்கே தெரியும். போன வாரம் காரமடைத் தேருக்குப் போயிருந்தபோது கூட்டத்தில் சொந்தக்காரம்மா ஒருத்தி, பொண்ணு அமெரிக்காவில் என்ன பண்ணுகிறது என்று கேட்டாள். உன் அம்மா மேளச் சத்தத்தையும் மீறி, தேர் வடம் பிடித்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி, “விஸ்கிக்கு ருசி பாக்கறாளுங்க!” என்றாள்.

குளிரில் தலைக்குக் கட்டிக்கொள்ளாமல் வெளியே போகாதே, சளி பிடித்தால் உன் வேலைக்கே ஆகாது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. நீண்ட ஆயுளும் நிறைந்த மனசுமாக இரு கண்ணு. நம்பர் விஷயத்துக்கு மறக்காமல் பதில் சொல்.

இப்படிக்கு
உன் நைனா
வரதராஜுலு