சஹனில் என் இடம்

12 ஏப்ரல் 1961, கீழக்கரை

மகள் மலிகாவின் நிச்சயத்துக்கு எனக்கு நானே ஒரு சட்டை தைத்துக்கொள்ளலாம் என்று அளவெடுத்தேன். டேப் வயிற்றைச் சுற்றி வந்து மறுமுனையைத் தொடவில்லை. இரண்டு விரல் இடைவெளி. ஊர் ஆண்கள் பாதிப் பேருக்கு அளவெடுத்த டேப், என்னிடம் வந்து தோற்றுப்போனது. கடையில் யாரும் இல்லை என்பதால் மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தேன். கண் இருட்டியதுதான் மிச்சம். கடைசியில் சணல் கயிறு ஒன்றைச் சுற்றி அளந்து, அதைத் தரையில் நீட்டி வைத்து டேப்பால் அளந்தேன். தையல்காரன் சதக்கின் லட்சணம் இது.

வயிற்றில் பழைய எரிச்சல் வேறு. எதையாவது தின்றால் அடங்குகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி பற்றிக்கொள்கிறது. மறுபடி தின்கிறேன். "இப்பத்தானே மச்சான் சோறு உண்டீங்க" என்றாள் ரம்ஜான் பீவி. பசிக்குச் சாப்பிடுவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன் என்று என் பெண்டாட்டிக்கு எப்படிச் சொல்வது?

23 ஏப்ரல்

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளையின் வாப்பா சலாஹுதீன் கயிற்று மண்டிக்காரர். அதிகம் பேசாதவர்.

சாப்பாட்டில்தான் மானம் போனது. ஒரு சஹனுக்கு ஐந்து பேர் என்பது வழக்கம். பெரிய தட்டில் சோறும் கறியும் கொட்டிச் சுற்றி உட்கார்ந்தால், ஆளுக்கு ஒரு பக்கம். நான் உட்கார்ந்த பிறகு ஐந்தாவது ஆளுக்கு இடமில்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார். "சதக் மாமா சஹன்ல எப்பவும் ஒரு ஆளு கம்மிதான்" என்றான் ஒரு பொடியன். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன்.

சம்பந்தி சிரிக்கவில்லை. தன் பக்கத்தில் கிடந்த நல்ல கறித்துண்டு ஒன்றை என் பக்கம் தள்ளி வைத்தார். அது மரியாதைதான்.

4 மே

மதுரைக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். குடலில் புண்ணாம். வருஷக்கணக்காக இருக்கிறதாம். தின்றால் எரிச்சல் அடங்குவதே அந்தப் புண்ணின் குணமாம். அப்படித்தான் இந்த உடம்பு சேர்ந்திருக்கிறது. இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்தால் தீரும் என்றார். "ஆனா இந்த உடம்போட உங்கள நான் மேசையில ஏத்த மாட்டேன். மயக்க மருந்து குடுத்தா முழிப்பீங்களான்னு எனக்கே தெரியாது. எடையக் குறைச்சிட்டு வாங்க."

தின்னாவிட்டால் எரிகிறது. தின்றால் ஆபரேஷன் கிடையாது. இதை அவரிடம் சொன்னேன். "தெரியும்" என்றார்.

மதுரை ஸ்டேஷனில் எடை பார்க்கும் மிஷினில் காசு போட்டேன். இருநூற்றுத் தொண்ணூறு பவுண்டு. டிக்கெட்டின் பின்னால் என் பேச்சுத் திறமையால் நான் எல்லோரையும் கவர்வேன் என்று அச்சடித்திருந்தது.

27 மே

மோரும் கீரையும். எரிச்சல் தாங்க முடியவில்லை. விடியுமுன் அடுப்படிக்குப் போய், நேற்றைய கறிச்சட்டியை நின்றுகொண்டே வழித்துத் தின்றேன். தின்றுவிட்டு அழுதேன். எழுதவே கூசுகிறது.

11 ஜூன்

மறுபடியும் தின்றேன்.

6 ஆகஸ்ட்

உயிரோடு இருக்கிறேன். மதுரையில், மைத்துனன் வீட்டுப் பின்கட்டில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

போன மாதம் கடையில் மிஷின் மேலேயே ரத்தமாக வாந்தி எடுத்தேன். யாரோ ஒரு வீட்டுக் கல்யாணக் குப்பாயத்துக்கு வாங்கிய வெள்ளைப் பட்டு பாழாய்ப்போனது. வாடகைக் காரில் மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். "இனி எடை பாக்க நேரமில்ல, வெட்டத்தான் வேணும்" என்று டாக்டர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. கலிமா சொல்லிக்கொண்டே மயங்கினேன்.

தொப்புளுக்கு மேலே நெஞ்சுக்குழி வரைக்கும் தையல். "இனிமே உங்க வயிறு இவ்வளவுதான்" என்று ஒரு டீ கிளாஸைக் காட்டினார் டாக்டர். ஒரு நாளைக்கு ஆறு வேளை, சின்னச் சின்னதாக. ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மெல்ல வேண்டும். சோற்றோடு தண்ணீர் கூடாது, இனிப்பு கூடாது, அவசரம் கூடாது. "எத்தன நாளைக்கு டாக்டர்?" என்றேன். "நாளா? சாகுற வரைக்கும்" என்றார்.

ஊரில் யாருக்கும் ஆபரேஷன் என்று சொல்லவில்லை. குடல் புண் குணமாகத் தங்கியிருக்கிறேன் என்று ரம்ஜான் பீவி சொல்லி வைத்திருக்கிறாள். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். வயிற்றைக் கிழித்தவன் என்று தெரிந்தால் பெண்ணுக்கும் ஏதோ குறை இருக்கும் என்பார்கள். நிக்காஹ் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம்.

17 செப்டம்பர்

வயிற்றை வெட்டினார்கள். நாக்கை விட்டுவிட்டார்கள்.

ஊருக்குத் திரும்பியாயிற்று. எதிர் வீட்டில் இன்று நெய்ச்சோறு. மணம் கடைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு போக மாட்டேன் என்கிறது. என் சாப்பாடு ஒரு காப்பி சாஸரில். அதில் குழைந்த சோறு, மீன் கொஞ்சம். அதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் மெல்லுகிறேன், மாடு மாதிரி. சாஸரைப் பார்க்கும்போதெல்லாம் ரம்ஜான் பீவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "பச்சப் புள்ள கூட இதவிட உண்ணும் மச்சான்."

போன வாரம் ஆசைக்கு ஒரு விரற்கடை தொதல் இனிப்பை வாயில் போட்டேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, உடம்பெல்லாம் வேர்த்து, பாயில் சுருண்டுவிட்டேன். அதோடு தொதலுக்கும் எனக்கும் முடிந்தது.

விடியற்காலை சுபுஹு தொழுததும் கடற்கரை வரைக்கும் நடக்கிறேன். முதலில் பாதி வழியில் உட்கார்ந்து எழுந்து போவேன். இப்போது உட்காராமல் போகிறேன். அது ஒன்றுதான் சந்தோஷம்.

22 அக்டோபர்

சட்டைகளையெல்லாம் பிடித்துத் தைத்தேன். அதிகப்படித் துணியை வெட்டாமல் உள்ளேயே மடித்து விட்டிருக்கிறேன். திரும்ப ஊதினால் பிரித்துக்கொள்ளலாமே. என் மேல் எனக்கு இருக்கும் நம்பிக்கை அவ்வளவுதான்.

கடைக்கு வருகிறவர்கள் முதலில் துணியைப் பார்ப்பதில்லை. என் முகத்தைப் பார்க்கிறார்கள். "என்ன காக்கா, இப்படி உருகிப் போயிட்டீங்க?" குடல் புண் என்கிறேன். "புண்ணுக்கா இப்படி?" என்று இழுக்கிறார்கள். தடியனாக இருந்தபோது சிரித்தார்கள். இப்போது சிரிப்பதில்லை. சிரித்தால் தேவலை.

14 நவம்பர்

புத்தி கெட்ட வேலை செய்தேன்.

கூடப்பிறந்த ராத்தா மகன் கல்யாணம். பந்தலில் நான் நுழைந்ததும் இரண்டு பேர் குசுகுசுவென்று பேசினார்கள். ஒருவன் இருமிக் காட்டினான். எனக்குப் புரிந்துவிட்டது. டி.பி. என்று பேசுகிறார்கள். மலிகாவின் வருங்கால மாமியார் வீட்டு ஆட்களும் அங்கே இருந்தார்கள்.

பழைய சதக் மாதிரி சாப்பிட்டுக் காட்டினால் வாய் மூடுவார்கள் என்று நினைத்தேன். சஹனில் உட்கார்ந்து பிஸ்மி சொல்லிக் கைகொள்ளாமல் அள்ளினேன். மெல்லவில்லை. விழுங்கினேன். கறி, சோறு, மேலே பாயசம். எல்லோரும் பார்க்கட்டும் என்று சத்தம் போட்டுப் பேசினேன், சிரித்தேன்.

பந்தலைத் தாண்டக்கூட முடியவில்லை. வாழை மரம் கட்டியிருந்த இடத்தில் விழுந்தேன். சட்டை நனைந்து பிழியலாம் போல வேர்வை. அத்தனையும் வெளியே வந்தது, மாப்பிள்ளை வீட்டார் கண் முன்னால். நோய் இல்லை என்று காட்டப் போனவன் நோயை ஊருக்குக் கடை பரப்பிவிட்டு வந்தேன்.

வயிறு கிழிந்திருக்குமோ என்று பயம். நாளை மதுரைக்குப் போகிறேன்.

17 நவம்பர்

கிழியவில்லை. டாக்டர் திட்டினார். "யாருக்காகச் சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்து, நுரையீரல் சுத்தம் என்றார். எழுதித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஊர் சீட்டை நம்பாது, கண்ணைத்தான் நம்பும்.

9 டிசம்பர்

பக்கத்துத் தெருவில் மௌலிது ஓதிச் சாப்பாடு. நான் ஒரு சஹனில் உட்கார்ந்தேன். வந்தவர்கள் வேறு வேறு சஹன்களில் உட்கார்ந்தார்கள். அங்கே ஆறு பேர், ஏழு பேர் நெருக்கியடித்துக்கொண்டு. என் சஹனில் நான் மட்டும். வீட்டுக்காரர் யாரையோ கண்ணால் கூப்பிட்டார். அந்த ஆள் கை கழுவப் போகிறவன் மாதிரி போய்விட்டான்.

ஐந்து பேர் சோற்றுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன். முன்பு என் பக்கத்தில் உட்கார இடம் கிடையாது. இப்போது இடம் மட்டும்தான் இருக்கிறது. யா அல்லாஹ், அந்தத் தடியனாகவே என்னை விட்டிருக்கக் கூடாதா?

20 ஜனவரி 1962

சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு மாதமாக எந்தச் சேதியும் இல்லை. துணி எடுக்க வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை.

இரவு சாஸரைத் தள்ளிவிட்டு, "ஒரு தட்டுச் சோறு போடு, உடம்பு தேறினாத்தான் இந்தக் கல்யாணம் நடக்கும்" என்றேன். ரம்ஜான் பீவி எழுந்தாள். மலிகா தட்டைப் பிடுங்கி வைத்துவிட்டாள். "எனக்காக நீங்க அள்ளித் தின்ன வேணாம் வாப்பா. கல்யாணம் நின்னா நிக்கட்டும்" என்றாள். அவள் என்னிடம் குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. சாஸரை இழுத்து என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மென்றேன். கண்ணீரையும் சேர்த்துத்தான் மென்றேன்.

13 பிப்ரவரி

ஊரே நோன்பு. எனக்கு இல்லை. நோயாளிக்குச் சலுகை உண்டு என்று ஆலிம்சா சொல்லிவிட்டார். சலுகைதான், ஆனால் கடையின் திரைக்குப் பின்னால் குனிந்து ரொட்டியை மெல்லும்போது திருடன் போல இருக்கிறது. இப்படி ஒளிந்து ஒளிந்தே நான் பாதி செத்துவிட்டேன். எதற்காக ஒளிகிறேன்? யாரைக் காப்பாற்ற?

நாளை சம்பந்தியைப் பார்க்கப் போகிறேன்.

14 பிப்ரவரி

கயிற்று மண்டியில் தனியாக இருந்தார். சலாம் சொன்னேன். சட்டையைக் கழற்றினேன். தழும்பைப் பார்த்தார். என் தொங்கிய தோலையும் பார்த்தார். பிறகுதான் சொன்னேன், எல்லாவற்றையும். சாஸர், ஆறு வேளை, சாகிற வரைக்கும் இப்படித்தான் என்பது, எல்லாம்.

"வலிக்குதா?" என்றார்.

"இல்ல."

"யாரு தச்சது?"

"மதுர டாக்டரு. நான் தச்சிருந்தா இன்னும் நேரா இருந்திருக்கும்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சட்டையப் போடுங்க. வீட்டுல பேசிட்டுச் சொல்லி அனுப்புறேன்" என்றார். பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு வீடு வந்தேன்.

12 மார்ச்

பெருநாள் கழிந்து சேதி வந்தது. நிக்காஹ் உண்டு. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி வாய் மூடவில்லை, சேதி கொண்டுவந்தவர் அடுத்ததைச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்டுகள் கேட்டுக்கொண்டார்களாம், அன்றைக்குச் சஹன் வைக்காமல் ஆளுக்கொரு தட்டு வைக்கலாமா என்று.

நம் தெருவில் தட்டு வைத்து நடந்த கல்யாணம் எனக்குத் தெரிந்து இல்லை. தட்டு வைத்தால் ஏன் என்று ஊர் கேட்கும். பதிலையும் ஊரே சொல்லிக்கொள்ளும். சரி என்று சொல்லி அனுப்பினேன். வேறு என்ன சொல்ல முடியும்? பெண்ணைக் கொடுக்கிறவன்.

1 ஏப்ரல்

மலிகாவின் நிக்காஹ் முடிந்தது. வீடு அடங்கிவிட்டது.

வாடகைக்கு எடுத்த தட்டுகளை வரிசையாகப் பரப்பியிருந்தோம். வந்தவர்கள் தட்டைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். சம்பந்தி உள்ளே வந்தார். உட்காரவில்லை.

"சஹன் எங்க?" என்றார்.

"உங்க வீட்டுலதான் தட்டு வைக்கச் சொல்லி..." என்று இழுத்தேன்.

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சா ஒத்துருக்க மாட்டேன். எனக்கும் சம்பந்திக்கும் ஒரு சஹன் கொண்டாங்க."

கொண்டுவந்தார்கள். அவர் உட்கார்ந்து, தன் எதிரே தரையைக் கையால் தட்டினார். நான் உட்கார்ந்தேன். ஊர் பார்த்தது. "நான் ரெண்டு மூணு வாய்தான் உண்ணுவேன். நேரமாகும்" என்று மெதுவாகச் சொன்னேன். "எனக்கு என்ன வேல கெடக்கு" என்றார்.

நல்ல கறித்துண்டு ஒன்றை என் பக்கம் தள்ளி வைத்தார், நிச்சயத்தன்று செய்தது போலவே. அதில் பாதியைத்தான் என்னால் கடிக்க முடிந்தது. மீதியைச் சஹன் ஓரத்தில் வைத்தேன். அவர் கையை நீட்டி, நான் கடித்து வைத்த அந்தப் பாதியை எடுத்து வாயில் போட்டு மென்றார். அவசரமே இல்லாமல், எல்லோரும் பார்க்கிற மாதிரி.

கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் வந்து எங்கள் சஹனில் மூன்றாவதாக உட்கார்ந்தார். பிறகு இன்னும் இரண்டு பேர். தட்டுகளை எடுத்துவிட்டு மற்றவர்களுக்கும் சஹன் கொண்டுவந்தார்கள்.

ஒரே சஹனில் உண்கிறவர்கள், கடைசி ஆள் முடிக்கும் முன் கையெடுப்பதில்லை. மற்ற சஹன்களில் எல்லோரும் உண்டு, கை கழுவி, வெற்றிலையும் போட்டுவிட்டார்கள். நான் மென்றுகொண்டிருந்தேன். என் கடைசி வாய் இறங்கும் வரைக்கும் சம்பந்தியின் கை சஹனிலேயே இருந்தது.