ஆயாவா, காப்பகமா?

அன்புள்ள குட்டியின் அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முதுகுவலியும் குட்டியின் சளியும் தேவலையா?

வீட்டுக்கு வரும் ஆயாவுக்குப் பன்னிரண்டாயிரம், காப்பகத்துக்கு ஏழாயிரம். காப்பகமே போதும் என்று போனில் கத்தினேன். நேற்று ஏசி பழுதுபார்க்க இங்கே ஒரு காப்பகத்துக்குப் போனேன். குட்டி வயதுப் பிள்ளை ஒன்று என் காலைக் கட்டிக்கொண்டது. தூக்கினேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா சிரித்தார். "தம்பி, இறக்கி விடுப்பா! ஒண்ணைத் தூக்கினா மிச்சம் பதினஞ்சும் கிளம்பிடும். எனக்கு ரெண்டு கைதானே?"

எனக்கு இது தோன்றவே இல்லை. காப்பகத்தில் பணம் கட்டாதே, ஆயாவையே வரச் சொல். நான் ஓவர்டைம் பார்க்கிறேன்.

குட்டியை எடை பார்த்து எழுது. அந்தப் பிள்ளை கையில் இருந்தபோது, நம்மவள் இதைவிடக் கனமா லேசா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

கம்பெனி வண்டி வந்துவிட்டது.

அவசரமாக,
குட்டியின் அப்பா