அச்சில் இல்லாத 'ஆம்'

அக்கா,

இன்று காலை சிங்கப்பூர் ரயிலில் வந்த பத்திரிகையை விரித்ததும் ஈர மை விரலில் ஒட்டிக்கொண்டது. எங்கோ ஒரு தேசத்தில் பட்டாளம் அரண்மனைக்குள் புகுந்துவிட்டது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த ஊர் எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் உடனே உங்கள் ஞாபகம்தான் வந்தது. சயாமில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்தபோது, ஜொகூர் பாருவில் உங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசற்படியில் உட்கார்ந்து அழுதவள் அல்லவா நான்!

என் வீட்டுக்காரர் அப்போது பாங்காக்கில் துணிக்கடை வேலையில் இருந்தார். எனக்கோ எழுத்துக் கூட்டத்தான் வரும். உங்கள் வீட்டுக்காரர் ரயில்வே கிளார்க் என்பதால் பத்திரிகைகள் எல்லாம் மாலையில் உங்களிடம் வந்துவிடும். ஒன்றில் ராஜாவைப் பிடித்துவிட்டார்கள். இன்னொன்றில் ராஜா கப்பலேறித் தப்பிவிட்டார். வேறொன்றில் கடைத்தெரு எரிந்தது. எனக்கு ராஜாவா முக்கியம்?

"கடைத்தெரு எரிகிறதாம்" என்று வாசித்தீர்கள். எட்டிப் பார்த்தேன். 'எரிகிறது' என்றுதான் இருந்தது.

"என்னக்கா, 'ஆம்' அதுல இல்லியே? நீங்களா சேத்துக்கிறீங்களா?"

"அச்சடிச்சவன் விட்டிட்டான், நான் திருத்தி வாசிக்கிறன். இவை ஆரும் அங்கை போய்ப் பாத்தவையே? தந்தியிலை ரெண்டு சொல்லு, மிச்சம் இவையின்ரை கதை. அழாதை பிள்ளை."

அந்த 'ஆம்'தான் எனக்கு அன்று சோறு இறங்க வைத்தது.

"அப்ப அவரு நல்லாருக்காருன்னு சொல்லுங்க" என்று நச்சரித்தேன். "தெரியாமல் ஓம் எண்டு சொல்லமாட்டன்" என்றுவிட்டீர்கள். எங்கள் 'ஆமாம்'தான் உங்கள் யாழ்ப்பாணத்து 'ஓம்'. எனக்கு வந்ததே கோபம்! பொய்யாகவாவது சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் ஸ்டேஷன் பக்கமிருந்து சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓடி வந்தீர்கள். "ஓம் பிள்ளை, ஓம்! உன்ரை மனுசன் வந்திறங்கியிட்டார்!" கடைத்தெருவில் ஒரு வெடிச்சத்தம்கூடக் கேட்கவில்லை என்றார் அவர். நாம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அக்கம்பக்கம் எல்லாம் எட்டிப் பார்த்தது.

உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தே வாசிக்கப் பழகிவிட்டேன்; இப்போது பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு நான்தான் பத்திரிகை வாசிக்கிறேன். விட்டுப்போன 'ஆம்' எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வாசிக்கிறேன். "அலமாக், நீங்க வாசிச்சா பயமே வரலக்கா" என்று மலாய்க்காரர் பாணியில் வியக்கிறார்கள். இது எங்கள் அக்காவின் வாசிப்பு என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறேன்.

அன்று உங்கள் செய்தியைப் பால்காரர்தான் கொண்டுவந்தார். "அந்த யாழ்ப்பாணத்தம்மா தவறிட்டாங்களாம்." 'ஆம்' இருக்கிறதே என்று அதையே பிடித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு ஓடி வந்தேன். வாசலில் உங்கள் வீட்டுக்காரர் நின்றிருந்தார்.

"நெசமாங்கய்யா?"

"ஓம், பிள்ளை" என்றார்.