கடைமடைக்காரன் கட்சி

அன்புள்ள மாப்பிள்ளை முனிரத்தினம்,

நீ போயிருக்கிற இடத்தில் எல்லைத் தகராறு எதுவும் இருக்காது என்று நினைக்கிறேன். இங்கே அதைத் தவிர வேறு பேச்சில்லை. எல்லை பிரிக்க வந்திருக்கும் அதிகாரி புத்தூர் பங்களாவில் தங்கி, ஊர் ஊராக மகஜர் வாங்கிக்கொண்டிருக்கிறார். நம் ஊரின் முறை நாளைக் காலை. மகஜரை எழுதியவன் நான், அங்கே நின்று படிக்கப்போகிறவனும் நான்தான். பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. உன்னிடம் சொல்லாமல் இதை யாரிடம் சொல்வேன்?

நீ போன பிறகு காற்றே சரியில்லை. பஸ்ஸில் ஏறினால், டிக்கெட்டைத் தமிழில் கேட்பதா தெலுங்கில் கேட்பதா என்று முதலில் பக்கத்து ஆளின் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கிறது. நாராயணவனம் கல்யாண உற்சவத்துக்குப் போன நம் பெண்கள் வாயைத் திறக்காமல் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். யாரும் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை, சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான். நாமும் யோக்கியர்கள் இல்லை. நம் ஆட்கள் கொடி பிடித்துக்கொண்டு போகிற வழியில், பக்கத்து ஊர்த் தெலுங்குக் குழந்தைகள் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்கின்றன. போன வருஷம் வரை அந்தக் குழந்தைகள் நம் வீட்டில் வேர்க்கடலை வாங்கித் தின்றவைதானே?

உனக்குத் தெரியாத எதையும் நான் எழுதப்போவதில்லை. ஆனாலும் எழுதினால்தான் எனக்குத் தெளிகிறது. ஏரி பக்கத்து ஊரில் இருக்கிறது. எந்த அதிகாரி எந்தக் கோட்டைப் போட்டாலும் அந்த ஊர் ஆந்திராவில்தான் இருக்கும். நம் ஊர் தமிழ் ஊர், சென்னை ராஜ்யத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறோம். இரண்டு ஊருக்கும் ஒரே கால்வாய். அது நம் எல்லைக்குள் நுழைந்ததும் முதலில் நனைவது என் கழனி. கடைசியில் நனைவது உன் கழனி. நான் தலைமடைக்காரன், நீ கடைமடைக்காரன். என் தங்கை செங்கம்மாவை உனக்குக் கொடுக்கும்போது, இவன் வீட்டுக்கு என் தயவில்தான் சோறு வேகும் என்று நான் கேலி செய்தது ஞாபகம் இருக்கிறதா?

ஏரிக்கரை வழக்கமும் உனக்குத் தெரிந்ததுதான். தண்ணீர்ச் சண்டை வந்தால் இரண்டு ஊர்க்காரர்களும் மதகருகே கூடுவோம். யாரும் தன் கட்சியை, தன் பக்கத்து நியாயத்தை, சொல்லித் தொடங்கக்கூடாது. முதலில் எதிராளியின் கட்சியைச் சொல்லவேண்டும். அவன் 'ஆமா, அதான்' என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் நம் கட்சிக்கு வரலாம். திரித்துச் சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து. தெலுங்குக்காரர்களாக இருந்தால் 'அவுனு, அதே' என்பார்கள். எத்தனையோ சண்டை அந்த ஒரு வார்த்தை வருவதற்குள்ளேயே தணிந்து போயிருக்கிறது.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எல்லைப் பேச்சு கிளம்பியதும் நாம் இரண்டு பேரும் எதிரெதிராக நின்றோம். நான் சென்னை என்றேன், நீ இங்கேயே இருப்போம் என்றாய். ஊரே வேடிக்கை பார்த்தது. ஒருநாள் சாயங்காலம் கரைமேல் வைத்து, வழக்கப்படி பேசித் தீர்த்துவிடலாம் என்று நீதான் சொன்னாய். முதல் முறை உன்னுடையது. நீ சொன்னதை நான் இன்னும் அப்படியே வைத்திருக்கிறேன்.

"என் மச்சானுக்கு ஆந்திரா மேல கோவம் இல்ல. நல்லா பேசத் தெரிஞ்ச ஆளு, சித்தூர் ஆபீசுக்குப் போனா ஊமையா நின்னுகினு கீறாரு. தமிழ் வாத்தியாரு மாத்தலாகிப் போனதிலேர்ந்து மச்சான் பொண்ணு ஸ்கூல்ல சும்மா குந்திக்கினு வருது. நாளைக்கு அதுவும் அப்படி ஊமையா நிக்கக்கூடாதுன்னுதான் கேக்கிறாரு."

என் கட்சியை நான்கூட அப்படிச் சொன்னதில்லை. உடனே 'ஆமா, அதான்' என்று ஒப்புக்கொண்டேன். அடுத்தது என் முறை. ஏரி அந்தப் பக்கம் போய்விட்டால் தண்ணீர் வராது என்று முனிரத்தினம் பயப்படுகிறான் என்றேன். நீ தலையை ஆட்டினாய். "அது இல்ல மச்சான்" என்று சிரித்தாய். மறுபடியும் சொன்னேன். அதுவும் இல்லை என்றாய். இருட்டிவிட்டது, மாடு காத்திருக்கிறது, இன்னொரு நாள் சொல் என்று கிளம்பிவிட்டாய்.

அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. பங்காருபாளையத்துக்கு மாங்காய் பாரம் ஏற்றிப் போனவன் காய்ச்சலோடு திரும்பி வந்தாய். கண் மஞ்சளானது, பச்சிலை கொடுத்தோம், சித்தூர் ஆஸ்பத்திரிக்கும் தூக்கிப்போனோம். உன் கட்சி என்ன என்பது உன்னோடேயே போய்விட்டது.

மகஜர் எழுத உட்கார்ந்தபோது நான் கில்லாடியாகத்தான் இருந்தேன். பள்ளிக்கூடம், ஆபீஸ், கோர்ட்டு என்று நம் கட்சியைப் பக்கம் பக்கமாக எழுதினேன். எதிர்த்தரப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதை விட்டுவிட்டால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். அவர் பக்கத்து ஊர் மகஜரையும் படிக்கிறவர்தானே? ஆகவே ஓரத்தில் ஒன்று சேர்த்தேன். 'ஏரித் தண்ணீர் வராது என்று சிலர் அஞ்சுகிறார்கள். இது ஆதாரமற்ற அச்சம். இரு அரசுகளும் பேசித் தீர்த்துக்கொள்ளும்.' எழுதி முடித்ததும் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நோஞ்சானைக் கொண்டுவந்து நிறுத்தி ஒரே தட்டில் வீழ்த்துவது எவ்வளவு சுலபம். அவன் செத்துப்போனவனாகவும் இருந்துவிட்டால் எழுந்து வந்து திருப்பிக் கேட்கவும் மாட்டான்.

பஜனைக் கோயிலில் ஊர் கூடியதும் அதைப் படித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து செங்கம்மா எழுந்தாள். உன் காரியம் முடிந்த பிறகு அவள் நாலு பேர் நடுவில் வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

"தண்ணி வராதுன்னு அவரு சொல்லலண்ணா. தண்ணி வரும், சில வருஷம் வராது, அது வானத்தோட சமாசாரம். சண்டை வந்தா யாரோட போய் சண்டை போடறதுன்னு கேட்டாரு. இப்ப கரை மேல நின்னு மூஞ்சியப் பாத்துக் கேக்கறோம். நாளைக்கு அவங்க ஒரு கவர்மெண்டு, நாம ஒரு கவர்மெண்டு. மெட்ராசுக்கும் அவங்க தலைநகரம் கர்னூலுக்கும் காயிதம் போய்க்கினு வந்துகினு கெடக்கும். அதுக்குள்ள பயிரு நிக்குமா, மனுசன்தான் நிப்பானான்னு கேட்டாரு."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். கரைமேல் நீ சிரித்த சிரிப்பு இதற்குத்தானா? கொடிகளையும் சாத்திய கதவுகளையும் இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பயந்து சாகிறேன், ஆனால் இன்னதென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ அது வருவதற்கு முன்னாலேயே பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

எழுதியதைக் கிழித்துப் போட்டேன். புதிதாக எழுதுவது லேசாக இல்லை. உன் கட்சியை அழுத்தமாக எழுத எழுத என் கட்சி ஆட்டம் கண்டது. என் கட்சிக்குத் திரும்பினால் பேனா தானாகவே உன்னைக் குட்டையாக்கப் பார்த்தது. பக்கத்து ஊர்க்காரனை ஏமாளியாக்குகிற வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. எல்லாவற்றையும் அடித்தேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதிவிட்டு, நீ எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கேட்டுப் பார்த்தேன். இல்லை என்று உன் தலை ஆடியது. திரும்ப எழுதினேன்.

தண்ணீரைப் பற்றிய பயத்துக்கு என்னால் பதில் எழுத முடிந்தது. பங்கு இத்தனை என்று இரண்டு அரசும் ஒப்புக்கொண்டு எழுதி வைக்கலாம். முகம் தெரியாமல் போய்விடும் என்கிற பயத்துக்கு என்ன பதில் எழுதுவது? ரொம்ப நேரம் யோசித்தேன். கடைசியில் உள்ளதை உள்ளபடியே எழுதிவிட்டேன். 'இதற்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. இது உண்மையான இழப்பு. தெரிந்தேதான் எங்கள் பிள்ளைகளின் படிப்புக்காகச் சென்னையைக் கேட்கிறோம். எங்களை எங்கே சேர்த்தாலும் மதகை மட்டும் எந்த ஆபீசிடமும் விடாமல், இரண்டு ஊரும் கரைமேல் கூடிப் பேசும் வழக்கத்திடமே விட்டுவையுங்கள்.' இந்தப் பகுதியை ஓரத்தில் வைக்கவில்லை. ஏரிக்கரையில் செய்வதுபோல முதலிலேயே வைத்தேன்.

இன்று காலையில் மறுபடியும் ஊர் கூடியது. முதல் பகுதியைப் படித்ததும் நிறுத்திவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பினேன். சரியா என்று செங்கம்மாவைக் கேட்டேன். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிறகு கையை எடுத்தாள்.

"ஆமாண்ணா, அதான்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் நம் கட்சியைப் படித்தேன். பாதிப் பேர் கைநாட்டு வைத்தார்கள். மீதிப் பேர் துரைசாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நம் துரைசாமிதான், இப்போது கொடிக்காரர்களுக்கெல்லாம் அவன்தான் தலைவன். எதிரியின் பாட்டை நாமே பாடிக்கொடுப்பதா, அந்தப் பகுதியை எடுத்துவிடு என்றான். எடுக்கமுடியாது என்றேன். கடைசியிலாவது வை என்றான். அதற்கும் மாட்டேன் என்றேன். அவன் சத்தம் போடவில்லை. பக்கத்தில் வந்து தோளில் கை போட்டான்.

"இத புத்தூர்ல படிச்சிட்டு, திரும்பி எந்த ஊருக்கு வரலாம்னு கீற?"

மத்தியானச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன மகளை நானே போய் அழைத்துவந்தேன். தோட்டத்துப் படல் அசைந்தால் யார் என்று கேட்கிறேன். இந்தத் தெருவில் இப்படிக் கேட்டதுண்டா நான்?

ஆனால் மாப்பிள்ளை, துரைசாமியைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. நாளைக்கு அந்த அதிகாரி உன் பகுதியைக் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டால்? இவர்கள் எதிர்த்தரப்பில்தான் நியாயம் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டால்? அப்புறம் என் மகள் எந்த ஆபீஸ் வாசலில் ஊமையாக நின்றாலும் அதற்கு நான் எழுதிய எழுத்துதான் காரணம். ஊர் கேட்கும். அவளே ஒருநாள் கேட்பாள். அவளுக்கு நான் என்ன சொல்வேன்?

அந்தப் பகுதியை எடுத்துவிட்டால் இந்தப் பயம் போய்விடும் என்று தெரியும். ஒரு தாள்தானே, உருவி அடுப்பில் போட்டுவிடலாம். இப்போதும் எழுந்து அடுப்படிக்குப் போய் நின்றுவிட்டுத்தான் வந்தேன். போடவில்லை. உன்னைத் திரித்துச் சொல்லி ஜெயித்து வாங்கிய ஊரில், உன் பெண்டாட்டியின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

நாளைக்கு முதல் பஸ்ஸில் போகிறேன். செங்கம்மாவும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அதிகாரி கேட்டால் என் வீட்டுக்காரர் கட்சிக்கு யார் சாட்சி என்று என்னையே மடக்குகிறாள். அவளுக்குப் பயமில்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். கட்டுச்சோற்றுக்கு இப்போதே புளி கரைத்துக்கொண்டிருக்கிறாள்.

எல்லைக் கல்லை எந்தப் பக்கம் நடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கே நட்டாலும் சரி, தண்ணீர்க் காலம் வந்ததும் நான் ஏரிக்கரைக்குப் போவேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு. யாரும் வராவிட்டாலும் மதகருகே நின்று பக்கத்து ஊர்க்காரர்களின் கட்சியைத்தான் முதலில் சொல்வேன். அங்கிருந்து ஒரு குரலாவது 'அவுனு, அதே' என்று சொல்லுகிறவரை சொல்வேன். தண்ணீர் நம் எல்லைக்குள் வந்ததும் என் மடையை அடைத்துவிட்டு உன் மடையைத் திறப்பேன். கடைமடை நனைந்த பிறகுதான் தலைமடைக்கு.

உன் முறைக்குப் பதில் சொல்ல இத்தனை நாள் எடுத்துக்கொண்ட,
உன் மச்சான்,
செங்கம்மாவின் அண்ணன் கோவிந்தசாமி