எகாய் கண்ட பல்

அக்டோபர் 14, செவ்வாய். பிளெய்ன்ஸ்பரோ.

கென்யாவில் நாங்கள் எடுத்த ஆதிமனிதப் பல்லைப் பற்றிய கட்டுரை இன்று ஒப்புதலுக்கு வந்தது. எழுதியவர்கள் என்று ஏழு பேர். எகாய் பெயர் இல்லை. அந்த ஊர்க்காரரான அவர்தான் பல்லைக் கண்டுபிடித்தார். அதே சரிவில் அன்று காலை நான் இரண்டு முறை நடந்திருந்தேன். என் கண்ணுக்குக் கூழாங்கல்லாகத்தான் தெரிந்தது. அது எந்த மண் அடுக்கிலிருந்து உதிர்ந்தது என்று காட்டியவரும் அவரே. அதைத்தான் நான் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன்.

பேராசிரியரிடம் கேட்டேன். உள்ளூர்ப் பணியாளர்களுக்குக் கடைசியில் ஒரு நன்றி போட்டால் போதும் என்றார்.

சாப்பிடும்போது சொன்னதும் என் கணவன் கார்த்திக் பயந்துவிட்டான். "கிரீன் கார்டுக்கு லெட்டர் அவர்தானே குடுக்கணும்? இப்பப் போய் சண்டை போடுறியே!"

"குடுக்கலேன்னா வேற யார்கிட்டயாவது கேக்குறேன். எகாய் பேர் இல்லாத பேப்பர்ல என் பேரும் வேணாம்."

அதையே மற்ற ஆறு பேருக்கும் மெயிலில் அனுப்பிவிட்டேன். நாளை பத்து மணிக்கு நேரில் வரச் சொல்லி பேராசிரியர் பதில் போட்டிருக்கிறார்.

கார்த்திக் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, "நானே டிராப் பண்றேன்" என்றான்.

போவேன். மன்னிப்புக் கேட்பேன் என்று அவர் எதிர்பார்த்தால், அது நடக்காது.