உன் கையெழுத்தும் ஒரு டம்ளர் தண்ணீரும்

உங்காரான்,
நோன்பு பதினேழாம் நாள்

அன்பு மகள் கினாந்திக்கு,

அம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கருணையால் நானும் உன் அப்பாவும் நலம். சிங்கப்பூரில் நீயும் நலமாக இருக்க வேண்டும், நலமாக இருந்தால்தானே நான் திட்டுவதைத் தாங்குவாய். உன் தங்கை எர்னா நலமாக இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் குரலை உயர்த்தினால் உடனே "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதி, நாளைக்கு அங்கே வேலைக்குத் திரும்பும் பக்கத்து வீட்டு யானியிடம் கொடுத்தனுப்புகிறேன். நோன்பு நேரத்தில் கோபப்பட்டால் பலன் போய்விடும் என்று உன் அப்பா காலையிலிருந்து என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறார். போனால் போகட்டும்.

போன திங்கட்கிழமை எர்னாவுக்கு மாதவிலக்கின் முதல் நாள். முதல் நாள் என்றால் அவள் எப்படிச் சுருண்டு கிடப்பாள் என்று உனக்குத் தெரியும், பதின்மூன்று வயதில் அவளுக்கு வெந்நீர்ப் பாட்டில் வைத்துக் கொடுத்தவளே நீதான். தையல் ஆலைக்குப் போய் நிற்க முடியாமல் லைன் சூப்பர்வைசரிடம் விடுப்புக் கேட்டிருக்கிறாள். மாதவிலக்குக்கென்று சட்டம் கொடுத்த இரண்டு நாள்தானே, யாரும் தர்மம் போடவில்லையே. அந்தம்மாவோ "புது ரூல் வந்திருக்கு, மொதல்ல கிளினிக் போ, அவங்க எழுதிக் குடுத்தாதான்" என்றிருக்கிறாள். கிளினிக்கில் இருந்த நர்ஸ் இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நோன்பு மாசம் வந்தா போதும், எல்லாப் பொண்ணுக்கும் வயித்து வலி வந்துடுது" என்று சொல்லி ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டியிருக்கிறாள். "நிஜமா வந்திருந்தா உனக்கு இன்னிக்கு நோன்பு இல்லல்ல? குடி. குடிச்சதும் சீட்டு எழுதறேன்." கதவு திறந்து கிடக்கிறது. வெளியே பெஞ்சில் இரண்டு மெக்கானிக்கும் ஒரு காவலாளியும் உட்கார்ந்திருக்கிறார்கள், மூன்று பேரும் நோன்பு. அவர்கள் முன்னால் எப்படிக் குடிப்பாள்? இந்த வீட்டிலேயே அந்த நாட்களில் அவள் பின்கட்டில் திரும்பி உட்கார்ந்துதான் ஒரு வாய் சாப்பிடுவாள், அப்பா கண்ணில் படக்கூடாது என்று. நீ மட்டும் என்ன, குளியலறைக்குப் பின்னால் நின்று அப்பளத்தைச் சத்தம் வராமல் கடித்தவள்தானே. எர்னா டம்ளரை மேசையில் வைத்துவிட்டு "வேணாங்க்கா" என்றாளாம். அவ்வளவுதான், பொய் சொல்லி விடுப்புக் கேட்டதாக எழுதி மெஷினுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு காலர் தைத்துக்கொண்டிருந்தவள் மயங்கி மெஷின் மேலேயே விழுந்தாள். நெற்றியில் நாலு தையல். மறுநாள் கட்டுப் போட்ட தலையோடு போனவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். பெருநாள் முடிந்த வாரம் அவள் ஒப்பந்தம் முடிகிறது. "இது ஃபைல்ல இருந்தா நீட்ட மாட்டாங்க, வேற எடம் பாத்துக்கோ" என்று சூப்பர்வைசர் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

கிளினிக் சுவரில் அந்தப் புது விதியை ஒட்டியிருக்கிறார்கள், எர்னா போனில் படம் எடுத்து வந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். "விடுப்புக் கோரிக்கை உரிய முறையில் சரிபார்க்கப்படும்." அடியில் தலைமை அலுவலகம், சிங்கப்பூர், அதற்கு மேலே உன் கையெழுத்து. சின்ன வயதில் என் காலண்டர் முழுக்க எழுதிப் பழகினாயே, அதே நீண்ட வால். டம்ளர் என்று நான் எழுதவில்லையே என்பாய். எழுதவில்லைதான். உரிய முறை என்றால் என்ன என்று எழுதாமல் விட்டாயே, அந்த ஓட்டையில்தான் டம்ளர் நுழைந்தது. சட்டத்தில் என்ன இருக்கிறது என்று உனக்கு நான் சொல்லவேண்டுமா? வலிக்கிறது என்று தெரிவித்தால் போதும் என்று இருக்கிறது. நடைமுறையைக் கம்பெனி விதியில் எழுதிக்கொள்ளலாம் என்று அடுத்த வரியில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு முதல் வரியையே தின்றுவிட்டீர்கள். அதே ஆலையில் எங்கள் காலத்தில் நர்ஸ் துணியை விலக்கிப் பார்த்தாள், தெரியுமா? அதை நிறுத்தச் சொல்லி நாங்கள் கேட்டில் இரண்டு நாள் வெயிலில் நின்றோம். உனக்கு ஏழு வயது, என் பக்கத்தில் உட்கார்ந்து சோறும் பொரித்த சோயா டெம்பேயும் தின்றுகொண்டு, "சொன்னா போதும், சொன்னா போதும்" என்று எங்களோடு சேர்ந்து கத்தினாய். தொண்டை கட்டிவிட்டது உனக்கு. அந்தக் குழந்தையா இதை எழுதினாள் என்று எனக்கு வயிறு எரிகிறது.

நீ வேலை செய்யும் கம்பெனிதான் அந்த ஆலைக்கும் முதலாளி என்பது எர்னாவுக்குத் தெரியும். தாளில் இருப்பது என் அக்கா பெயர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நர்ஸ் எழுந்து நின்று சீட்டு கொடுத்திருப்பாள். ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அக்காவுக்கு அசிங்கமாயிடும்மா" என்றாள். தலையில் கட்டோடு உட்கார்ந்துகொண்டு, உனக்கு அசிங்கமாகிவிடுமாம்.

பெருநாள் காலையில் வழக்கம்போல் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க என்னிடம் வருவாய். முதலில் என்னிடம் வராதே, எர்னாவிடம் போ. மூத்தவள் இளையவள் முன்னால் மண்டியிடும் வழக்கம் நம்மிடம் இல்லைதான், இந்த வருடம் இருக்கட்டும். அங்கே வேளைக்குச் சாப்பிடு, விடியுமுன் சஹருக்கு வெறும் காப்பியோடு நிறுத்தாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் தரட்டும். எர்னாவுக்கு வியாழக்கிழமை தையல் பிரிக்கிறார்கள். அதற்குள் அந்தத் தாள் சுவரிலிருந்தும், அந்த எச்சரிக்கைக் கடிதம் அவள் ஃபைலிலிருந்தும் போயிருக்க வேண்டும். வேண்டாம் என்று எர்னா கெஞ்சுகிறாள், ஆனாலும் போகாவிட்டால் வெள்ளிக்கிழமை நான் அதே கேட்டில் நிற்பேன், கையில் உன் பெயர் எழுதிய அட்டையோடு.

உன் அம்மா,
முர்தினிங்சி,
பத்தொன்பது வருடம் தையல் லைனில் இருந்தவள்