கன்னத்தில் தேய்த்த குச்சி

சரோஜினி நகர், புது டில்லி
12.3.2007

அன்பு மகள் அகல்யாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே ஒரு குறையும் இல்லை. நீ அனுப்பிய பஞ்சுக் குச்சியைக் கன்னத்தின் உள்ளே தேய்த்து, உறையில் போட்டு அனுப்பியாகிவிட்டது. எச்சிலைத் தபாலில் அனுப்புகிற காலமும் வந்துவிட்டதே! மரபணுவைப் பார்த்து எனக்கென்று வைட்டமின் மாத்திரை தேர்ந்தெடுப்பாயாம். சரிம்மா. அம்மாவைத்தான் காப்பாற்ற முடியவில்லை, அப்பாவையாவது என்று நினைக்கிறாய். மேல்வீட்டு ஜோதிலிங்கம்தான் தபாலாபீசுக்குப் போனான். போன் இன்னும் சரியாகவில்லை, கடிதமே போடு.

உன் அப்பா
நல்லசிவம்

பாஸ்டன்
2.5.2007

அன்புள்ள அப்பா,

உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து அனுப்பிய ஃபோலிக் ஆசிட், பி-12 எல்லாம் சாப்பிடுகிறீர்களா?

இரண்டு வாரமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். என் ரிப்போர்ட்டையும் உங்களுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மரபணுவும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று பிள்ளைக்கு வரும். மூன்று இடத்தில் உங்களிடம் இருக்கும் இரண்டில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. கம்பெனியில் கேட்டால் சோதனையில் தவறில்லை என்கிறார்கள்.

கோபப்படாதீர்கள் அப்பா. நான் யார் பிள்ளை? அம்மா இருந்தால் அவளிடம் கேட்டிருப்பேன்.

அகல்யா

சரோஜினி நகர்
20.5.2007

அகல்யா,

உன் அம்மாவைப் பற்றி அப்படி ஒரு நினைப்பு வரலாமா? வரவைத்த பாவி நான்தான். அந்தக் குச்சியில் இருந்தது ஜோதிலிங்கத்தின் எச்சில்.

எனக்கு வாயில் புற்று. ஜர்தா புகையிலை வைத்த பான் போடுவதை விடச் சொல்லி நீயும் அம்மாவும் எவ்வளவு அடித்துக்கொண்டீர்கள்! அக்டோபரிலிருந்து வைத்தியம். வாய்க்குள் விரலே நுழையாது, குச்சி எங்கே நுழையும்? போனில் பேசினால் குழறல் காட்டிக்கொடுத்துவிடும். அம்மா படுத்தபோது ஒரு வருடப் படிப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாய். மறுபடியும் விடுவாய் என்றுதான் மறைத்தேன். “அண்ணாச்சி, பிள்ளைட்ட பொய் சொல்லாதீய” என்று ஜோதிலிங்கம் சொல்லத்தான் செய்தான். பிறகு அவனே குச்சிக்கு வாயைத் திறந்தான். மாத்திரைகளையும் அவனுக்கே கொடுத்துவிட்டேன், அவனுக்குத்தானே பொருந்தும்.

நீ என் பிள்ளை. சத்தியமாக என் பிள்ளை.

அப்பா

பாஸ்டன்
1.6.2007

அன்புள்ள அப்பா,

இருபதாம் தேதி காலை வருகிறேன். படிப்பை விடவில்லை, லீவு போட்டிருக்கிறேன். ஏர்போர்ட்டுக்கு வராதீர்கள்.

ஒன்றை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வராது. உங்கள் கடிதத்தில் ஜோதிலிங்கம் மாமா பெயரைப் படித்ததும், நான் உங்கள் பிள்ளைதான் என்று சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அடுத்த வரியை அப்புறம்தான் படித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை மன்னித்துவிடுங்கள் அப்பா.

உங்கள் மகள்
அகல்யா